லைன் உடைந்த சனிக்கிழமை

நான் படித்த டேனிஷ் கல்லூரியில் ஓர் அமெரிக்கக் கால்பந்து அணி இருந்தது. முட்டை வடிவப் பந்து, தலைக்கவசம், தோளுக்கு மேல் இன்னொரு தோள். அதில் என்னைப் போன்ற ஒரு நோஞ்சான் ஏன் போய்ச் சேர்ந்தான் என்று கேட்டால், தனிமை என்றுதான் சொல்வேன். அப்பாவும் அம்மாவும் தொலைவில், விபோர்க் நகரத்தில் இருந்தார்கள். நான் கல்லூரிக்குப் பக்கத்தில், ஹ்விடோவ்ரேயில் ஒரு வாடகை அறையில் இருந்தேன். வகுப்பு முடிந்தால் கதைக்க ஆளில்லை. ஓர் அணியில் சேர்ந்தால் யாராவது வந்து மேலே மோதவாவது செய்வார்கள் என்று நினைத்தேன். அந்த ஆசை நன்றாகவே நிறைவேறியது.

முதலில் என்னைப் பந்தோடு ஓடுகிற வேலைக்குத்தான் எடுத்தார்கள். அந்த வசந்தத்தில் தடுப்பு வரிசையில் நின்ற பெரிய பையன்கள் சிலர் காயப்பட்டு ஒதுங்க, பயிற்சியாளர் மிஞ்சியவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னைக் கொண்டுபோய் வலது பக்கத்தில் நிறுத்தினார். எதிரணி பந்தோடு வரும்போது உடம்பால் மறிக்கிற முன்வரிசை அது. அங்கே சாமர்த்தியம் செல்லாது, பாரம்தான் செல்லும். எனக்கு எதிரே நின்றவர்களோ ஒவ்வொருவரும் குளிர்சாதனப் பெட்டி அளவு. பயிற்சியாளர் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வார்: குனிந்து போ, அவன் நெஞ்சுக்குக் கீழே புகு, பிறகு அவனுடைய உயரம் அவனுக்கு உதவாது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். நான் கீழே போவேன். அவன் என்னைக் கீழேயே விட்டுவிட்டுப் போய்விடுவான்.

உடம்பைத் தேற்றலாம் என்றால் சாப்பாடும் இறங்கவில்லை. அது ஊரில் போர் முடிகிற காலம். அம்மாவின் ஒரே தம்பி, என் சின்ன மாமா, வன்னியில் கடற்கரையோரம் சுருங்கிக்கொண்டே வந்த நிலத்தில் சனத்தோடு சனமாக அகப்பட்டிருந்தார். அவரிடமிருந்து தொலைபேசி வந்து வாரக்கணக்காகிவிட்டது. அம்மா முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வந்தவுடன் எனக்குத் தொலைபேசி எடுப்பார். இணையத்தில் செய்திகளைத் தேடிப் படித்து அவருக்குச் சொல்வது என் பொறுப்பு. சாப்பிட்டியோ, படிச்சியோ என்ற கேள்வியெல்லாம் நின்றுபோய், எடுத்தவுடன் "என்ன மாதிரி?" என்பார். எது என்ன மாதிரி என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

லைன் என்ற சொல் அப்போது எங்கள் வீடுகளில் எல்லார் வாயிலும் இருந்தது. லைன் என்றால் போர்முனை. லைன் பின்னுக்கு வந்திட்டுது, லைன் இன்னும் நிக்குது என்றுதான் கதைப்பார்கள். அது உடைந்தால் பின்னால் இருக்கும் சனத்துக்கு என்ன ஆகும் என்பதை மட்டும் யாரும் கதைக்க மாட்டார்கள்.

அணியில் ஒருவன் என் முகத்தைப் பார்த்து என்ன விஷயம் என்று விசாரித்தான். எங்கள் நாட்டில் சண்டை, என் மாமா அதற்குள் நிற்கிறார் என்றேன். அவன் உண்மையாகவே வருத்தப்பட்டான். அது இந்தியாவுக்குப் பக்கத்திலா என்று கேட்டான். பிறகு மணிக்கட்டில் சுற்றுகிற பட்டியை எடுத்துத் தரச் சொன்னான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவ்வளவு பேர் நிறைந்த அந்த அறையில் நான் இருந்த தனிமை, பூட்டிய என் அறையில்கூட இருந்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை வெளியூர் அணி ஒன்றோடு ஆட்டம். எங்கள் பலவீனம் எந்தப் பக்கம் என்று அவர்களுக்குச் சீக்கிரமே விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு எல்லாப் பந்தும் என் பக்கத்தால்தான் வந்தது. நான் குனிந்தேன், புகுந்தேன், மல்லாந்தேன். புல்லைவிட வானத்தைத்தான் அதிகம் பார்த்தேன். ஆட்டம் முடிவதற்குள்ளேயே பார்வையாளர்கள் கலைந்து போனார்கள். உடை மாற்றும் அறையில் தோள்கவசத்தைக்கூடக் கழற்றாமல் இருந்தபோது அம்மா எடுத்தார்.

"என்ன மாதிரி தம்பி?"

காது இன்னும் இரைந்துகொண்டிருந்தது. காலையில் ஆட்டம் இருக்கிறது என்று சொல்லியிருந்தேன், அதைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். எங்கள் முன்வரிசைக்கு டேனிஷில் ஒரு சொல் இருக்கிறது. தமிழில் என்னிடம் ஒரே ஒரு சொல்தான் இருந்தது.

"லைன் உடைஞ்சு போச்சம்மா."

அம்மா மிக மெதுவாக, "எந்தப் பக்கத்தால?" என்றார்.

"வலப் பக்கத்தால. அவங்கள் பெரிய ஆக்கள். எங்களால மறிக்க ஏலாமப் போச்சு."

"சனம்?"

"சனம் எல்லாம் போயிட்டுது அம்மா. கடைசியில ஒருத்தரும் இல்லை."

அம்மாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதற்கு முன் நான் அதைக் கேட்டதில்லை. அதைக் கேட்டுத்தான் எனக்கு விளங்கியது. விளையாட்டு அம்மா, நான் விளையாட்டைச் சொல்லுறன், எங்கட டீம் தோத்துப் போச்சு என்று பதறிப்போய்ச் சொன்னேன். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா ஏசுவார் என்று பார்த்தேன். சிரித்தார். உங்கட லைனோ, உங்கட லைனோ உடைஞ்சது என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார். அவரும் சிரிப்பது கேட்டது. "நல்லதடா, அது உடையட்டும்," என்றார் அம்மா. நானும் சிரித்தேன், தோள்கவசம் குலுங்கக் குலுங்க. அந்த வசந்தம் முழுவதிலும் நான் தனியாக இல்லாமல் இருந்தது அந்தச் சில நிமிடங்கள்தான்.

அடுத்து வந்த நாட்களிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. செய்திகளில் கடற்கரையைக் காட்டினார்கள், மாமாவைக் காணவில்லை. பயிற்சி வழக்கம்போல நடந்தது, நானும் போனேன். பயிற்சியாளர் குனி என்றார், குனிந்தேன்.

கோடை விடுமுறை தொடங்கும் சமயம், தப்பி வந்த சனத்தை அடைத்து வைத்திருந்த முகாமிலிருந்து ஒருவர் விபோர்க்குக்குத் தொலைபேசி எடுத்தார். கடைசி வரை மாமாவுடன் இருந்தவர், புதைத்தவரும் அவரே. அன்று அம்மா எனக்கு எடுத்தபோது என்ன மாதிரி என்று கேட்கவில்லை. மாமா செத்துப்போனார் என்றார். எப்போது என்று கேட்டேன்.

"சனிக்கிழமையாம் தம்பி. லைன் உடைஞ்ச அண்டைக்கு."

பிறகு அழுகை இல்லாத குரலில், "உன்ர விளையாட்டு நடந்த சனிக்கிழமை," என்றார். "அண்டைக்கு நான் சிரிச்சனான், என்ன?"