மடைமேல் ஒரு நாற்காலி

பாலாற்றில் தண்ணீர் ஓடி நான் முதன்முதலாகப் பார்த்தது, ஆம்பூரில் மாமாவின் தோல் ஷாப்புக்குப் பின்னால் நின்றுதான். தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அதுவரை ஆறு என்றால் எனக்கு மணலும் கிரிக்கெட்டும்தான். விடாத மழையில் அது கரை புரண்டு போனது. ஊரே திரண்டு வந்து பூத் தூவிக் கற்பூரம் காட்டியது. நான் வாயைப் பிளந்தபடி நின்றேன்.

ஷாப்புக்குள் எல்லார் முகமும் தொங்கிப் போயிருந்தது. கழிவுநீரை வாங்கிச் சுத்தம் செய்யும் பொது நிலையத்தில் மழையால் மோட்டார் நின்றுவிட்டது. எங்கள் கழிவுத் தொட்டியும் தளும்பி நின்றது. ஓர் அறை அளவு பெரிய மர டிரம்முக்குள் தோல்கள் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன. அன்றைக்கே அதை வடித்துக் கழுவாவிட்டால் தோல் நைந்துபோகும், மாமா மலைபோல் நம்பியிருந்த ஆர்டரும் போய்விடும்.

பின்பக்கம் ஆற்றுக்குப் போகும் பழைய மடை ஒன்று உண்டு. மாமாவே எப்போதோ அதைக் கல்லால் மூடிவைத்திருந்தார். மேஸ்திரி கடப்பாரையோடு வந்தார்.

“இவ்ளோ தண்ணி போவுது, நம்மளுது இன்னா தெரியப் போவுது? அக்கம்பக்கத்துல எல்லாம் தொறந்து வுட்டுட்டாங்க மொதலாளி.”

மாமா ஆபீஸிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து அந்தக் கல்மேல் போட்டு, குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சினிமாவுக்குப் போனால்கூடத் தூணுக்குப் பின்னால் இடம் கிடைக்கும் ராசி மாமாவுக்கு. அவர் ஆற்றைப் பார்க்க ஊரிலேயே நல்ல இடத்தைப் பிடித்துவிட்டாரே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. டீ கொண்டுபோய் நீட்டினேன். அவர் வாங்கவில்லை, குடைக்காம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தார். குளிர் ஜாஸ்தி போலிருக்கிறது என்று துண்டைப் போர்த்திவிட்டேன்.

சாயங்காலம் டிரம் பக்கமிருந்து அழுகல் நாற்றம் கிளம்பியது. அந்தத் தோலில் ஒன்றுகூடத் தேறவில்லை என்பது பின்னால் தெரிந்த சேதி. மேஸ்திரி கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

“சத்தியமா நான் கை வெக்க மாட்டேன். உள்ள வாங்க, நனையிறீங்க.”

“உனக்காகவா உக்காந்துனு இருக்கேன்? எழுந்தா நானே தொறந்துடுவேன்யா” என்றார் மாமா.

எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. இவ்வளவு பெரிய ஆறு எதிரே போகும்போது, அவ்வளவு நல்ல இடத்தில் உட்கார்ந்துகொண்டு, மாமா ஏன் கண்ணை இறுக மூடியிருக்கிறார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.