நோன்புப் பகலில் சிவந்த எச்சில்

உம்மாவின் வாய் எப்போதும் சிவப்பாகத்தான் இருக்கும். வெற்றிலை போடாத உம்மாவை நோன்பு மாதத்துப் பகல்களில் மட்டுமே காணலாம். சண்டை நின்ற சமாதான காலத்தில், அகதிகளாக இருந்த புத்தளம் முகாமிலிருந்து முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்தோம். அதற்கடுத்த நோன்பில், பகலிலும் அவர் துப்பியது சிவப்பாக இருந்தது.

கிணற்றடியில் அதை முதலில் கண்டவர் வாப்பா. ஒளித்து வெற்றிலை போட்டுக்கொண்டு நோன்பாளி என்று நடிக்கிறாள் என முடிவு கட்டிவிட்டார். உம்மா சத்தியம் பண்ணியும் கேட்கவில்லை. நோன்பு திறக்கும் நேரம் கஞ்சியைத் தூக்கிக்கொண்டு தனியாக முற்றத்துக்குப் போய்விடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான்தான் உம்மாவை வாய் கொப்பளிக்க வைத்துப் பார்த்தேன். எத்தனை தரம் கொப்பளித்தாலும் தண்ணீர் சிவந்தே வந்தது. பல் முரசிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. காலில் நுளம்புக்கடி என்று விட்டிருந்த புள்ளிகளும் தோலுக்கடியில் கசிந்த இரத்தம்தான். எத்தனை மாதம் வெற்றிலை அதை மறைத்ததோ, யாருக்குத் தெரியும்.

இரத்தத்தை உறைய வைக்கும் சிறுதட்டுக்கள் மிகவும் குறைந்துவிட்டன, மண்ணீரலை வெட்டி எடுக்க வேண்டி வரலாம் என்று வவுனியா ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். உம்மா இனி இல்லை என்றே நினைத்து அழுதேன். அங்கே ஒரு பெண் டாக்டர் வயிறு எரியுமா என்று கேட்டார். நோன்பென்றால் எரியும்தானே என்றார் உம்மா. வருசம் முழுக்க எரிவதை நான் சொன்னேன். சோதித்தபோது இரைப்பையில் கிருமி இருந்தது.

"கிருமியை அடிக்கிறன் எண்டு, ஒரு பிழையும் செய்யாத சிறுதட்டுக்களையும் உடம்பு அடிக்குது," என்றார் டாக்டர். கிருமியைக் கொன்றால் எல்லோருக்கும் சரிவராது, சிலருக்குச் சரிவரும் என்றும் சொன்னார். வாப்பா குனிந்த தலை நிமிரவில்லை.

இரண்டு கிழமை, பதினாலு நாளும் குளிசை விழுங்க வேண்டியிருந்தது. அதற்காக நோன்பை விட்டதுதான் உம்மாவுக்குப் பெரிய துக்கம். பெருநாள் கழிந்து மறுபடி சோதித்தபோது சிறுதட்டுக்கள் ஏறியிருந்தன. மண்ணீரலில் யாரும் கை வைக்கவில்லை.

விட்ட நோன்புகளை உம்மா பங்குனி வெயிலில் பிடித்தார். முதல் நாள் விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழும்பினால், குசினியில் வாப்பா இரண்டு பேருக்குச் சோறு போட்டு வைத்திருக்கிறார். அவர் ஒரு நோன்பும் விடாதவர்.

"நீங்க ஏன் பிடிக்கிறீங்க?" என்று உம்மா கேட்டார்.

"பிழை செய்யாத ஆளைத்தானே நானும் அடிச்சன், வாயால," என்றார் வாப்பா.

உம்மா தன் சோற்றிலிருந்த பொரித்த மீனை எடுத்து அவருடைய சோற்றில் வைத்தார்.