முப்பத்தொரு பக்கக் குறிப்பு

அந்தக் குறிப்பை எழுதியது நான்தான். கையெழுத்து அவருடையது, வாக்கியங்கள் என்னுடையவை. சுற்றி வளைத்துச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். இதையாவது முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தேனியில் ஒரு பண்பலை வானொலியில் நிகழ்ச்சிகளுக்கு எழுதுகிறவன் நான். விடியலுக்கு நாலு வரி, மழைக்கு நாலு வரி, திராட்சை விலைக்கும் ஏலக்காய் விலைக்கும் நடுவே காற்றைப் பற்றி இரண்டு வரி. அவற்றைக் காற்றில் ஏற்றிவிட இரண்டு பேர் இருந்தார்கள். ஊருக்கு மேற்கே கரட்டுக் குன்றின் மேல் டவரையும் டிரான்ஸ்மிட்டரையும் பார்த்துக்கொண்ட மூத்த எஞ்சினியர் ஜெயமங்கலத்துக்காரர், நிலையம் தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர். இன்னொருவர் அனுமந்தன்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் பெண் எஞ்சினியர். அவருக்குப் பதினைந்து வருஷ அனுபவம், அதைவிடக் கூரான நாக்கு.

வைகாசிக் கடைசியில் சென்னை அலுவலகத்திலிருந்து மெயில் வந்தது. இனி எல்லா ஊர் டிரான்ஸ்மிட்டர்களையும் அங்கே ஒரே அறையில் உட்கார்ந்து கவனிக்கப் போகிறார்கள். எஞ்சினியர்கள் இருவரும் தங்கள் வேலைகளை எழுதி ஒப்படைத்துவிட்டு ஜூன் மாதக் கடைசியில் விலக வேண்டும். தேவைப்பட்டால் ஒருவர் தொடரலாம்.

அந்தத் 'தேவைப்பட்டால்' என்ற ஒற்றைச் சொல்லை மூத்தவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஓய்வுக்கு அவருக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

"கவிஞரே, இங்கன எம்புட்டு வேலை இருக்குன்னு அவுகளுக்குத் தெரியாது. தெரிஞ்சா ஒரு ஆளு வேணும்னு அவுகளே சொல்லிருவாக. எனக்குக் கோர்வையா எழுத வராது. நீங்க எழுதுங்க. இந்த வயசுல நான் எங்கன போயி வேலை கேக்க?"

பக்கத்தில் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்த அனுமந்தன்பட்டி அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டு பேருக்கும் கிறுக்குப் புடிச்சிருக்கா? அம்புட்டையும் எழுதிக் குடுத்துட்டா அப்புறம் நீங்க எதுக்குண்ணே?"

"எழுதலைன்னா ஒண்ணும் தெரியாத பயன்னு நெனப்பாகம்மா."

"நெனச்சுட்டுப் போகட்டும். என் தலையில இருக்குறது எனக்கு வேணும்."

அந்த அம்மா அரைப் பக்கம் எழுதினார். 'கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடும். ஓடாவிட்டால் ஓட்ட வேண்டும்' என்று ஒரு வரி அதில் உண்டு. எனக்கு அப்படி எழுத வராது. வெள்ளைத் தாளை யாராவது நீட்டினால் மறுக்கத் தெரியாத பிறவி.

பத்து நாள் மதியம் மூத்தவரோடு கரட்டுக்குப் போனேன். மேல்காற்று ஆரம்பித்திருந்தது. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஆடிக்காற்றில் ஏசி வடிகட்டி எத்தனை நாளில் அடைத்துக்கொள்ளும், கேபிள் போகும் குழாயில் குளவி எந்தப் பக்கம் கூடு வைக்கும், குரங்கு எந்த வயரில் தொங்கும். பராமரிப்புக்காக நிலையத்தை எப்போது நிறுத்தலாம் என்று கேட்டேன். விடியற்காலை கூடவே கூடாது என்றார். கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகிற பெண்கள், மலைமேட்டுக்கு ஏறி அலை அறுகிற வளைவு வரைக்கும் கேட்டுக்கொண்டே போவார்களாம். பகலில் பதினொரு மணிக்கு நிறுத்தினால் குற்றமில்லை.

"அப்ப யாரும் கேக்க மாட்டாகளா?"

"அப்ப உங்க கவிதைதான ஓடும்?"

இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பையும் சேர்த்தே எழுதியிருக்கலாம், இடமிருந்தது.

ஒரே ஒரு இடத்தில் அவர் தடுமாறினார். கனமழைக்குப் பிறகு, மேலே போக வேண்டிய அலை ஈரத்தில் முட்டித் திரும்பி இயந்திரத்துக்கே வரும். உடனே முழு பவரில் ஓட்டினால் இயந்திரம் தானே நின்றுவிடும்.

"எவ்வளவு நேரம் பொறுக்கணும்?"

"அது தணியிற வரைக்கும்."

"சென்னைக்கு நம்பர் வேணுமேண்ணே."

டவரை அண்ணாந்து பார்த்தார். "சரி, இருபது நிமிஷம்னு போடுங்க." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அந்த வாக்கியத்தை அழகாக முடித்தேன்.

முப்பத்தொரு பக்கக் குறிப்பை அனுப்பிய மூன்றாம் நாள், கம்ப்யூட்டர் திரையில் சென்னை மேலாளர் வந்தார். மரியாதையான பையன். "வேற எந்த ஊர்லருந்தும் இப்படி ஒரு டாக்குமென்ட் வரல சார். எல்லாமே இதுல இருக்கு. இதை வெச்சு மதுரையிலேருந்து ஒரு கான்ட்ராக்ட் ஆள் வந்தாலே போதும்."

ஒப்படைப்பு முழுமையாக முடிந்துவிட்டதால் மூத்தவரை ஒரு வாரம் முன்னதாகவே விடுவித்தார்கள். அரைப் பக்கம் எழுதிய அம்மாவிடம் கேட்க நிறையச் சந்தேகங்கள் இருந்ததால் அவருக்கு மாதம் முடிந்தும் ஒன்பது நாள் கூடக் கிடைத்தது. "அரைப் பக்கத்துக்கு ஒம்பது நாளு" என்று என்னிடம் சொன்னார். குத்திக் காட்டத்தான் ஆரம்பித்தார், பாதியில் குரல் இறங்கிவிட்டது.

மேலாளர் பேசி முடித்த அன்று மூத்தவர் திரையை அணைத்துவிட்டு, "நல்லா எழுதிட்டீக கவிஞரே" என்றார். அதில் கோபத்தைத் தேடினேன். இன்றைக்கும் தேடுகிறேன். கிடைத்திருந்தால் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

ஐப்பசியில் ஒருநாள் விடிய விடிய மழை. காலையில் நிலையம் பேசவில்லை. கான்ட்ராக்ட் ஆள் திண்டுக்கல்லில் வேறு வேலையில் மாட்டியிருந்தார். சென்னை அறை இருபது நிமிஷம் பொறுத்து ஓட்டிப் பார்த்தது, நின்றுவிட்டது. இன்னும் இருபது பொறுத்து ஓட்டியது, அப்போதும் நின்றது. மேலாளர் எனக்குப் போன் செய்தார். "உங்களுக்குத்தான் அவரைத் தெரியுமே, ஒரு தடவை வந்துட்டுப் போகச் சொல்லுங்களேன்."

எந்த முகத்தோடு கேட்பது? கேட்டேன். போனில் மூத்தவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"மழை எப்ப விட்டுச்சு?"

"ஆறரைக்கு."

"சரி, வாரேன்."

தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வண்டியில் வந்தார். கரட்டடிக் கேட்டில், பல வருஷம் அவருக்கு டீ வாங்கி வந்த காவலாளி எழுந்து நின்று வணக்கம் வைத்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டே ஒரு புது ரிஜிஸ்டரை நீட்டினார்.

"கோவிச்சுக்காதீக சார். வெளியாளு வந்தா இதுல எழுதித்தான் விடணும்னு சொல்லிருக்காக."

"நீ என்னய்யா செய்வ" என்று பேனாவை வாங்கினார். பெயர், ஊர், நேரம் எழுதினார். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

"யாரைப் பாக்க வந்தீகன்னு கேட்டிருக்கு. உள்ளதான் யாருமே இல்லையே?"

"ஒரு பேராச்சும் போட்டாத்தான் சார் தெறக்கணும்."

அந்தக் கட்டத்தில் என் பேரை எழுதினார். கேட்டுக்கு வெளியே, அவருக்குப் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.