பைட்டுக்குள் நின்றவன்

நான் குடியிருந்த லவாலுக்கு மெட்ரோ வராத காலம் அது. பஸ் மாறி மாறி மொன்றியல் துறைமுகத்துக்குப் போவேன். கப்பலிலிருந்து வரும் கயிற்றைப் பிடித்து, பொல்லார்ட் என்கிற இரும்புக் குற்றியில் மாட்டுவது எங்கள் வேலை. பத்து வருடம் செய்தவன் என்பதால் புதியவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பும் நான்தான் எடுத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

வகுப்பில் என் செல்லச் சொல் 'பைட்'. பழைய ஆங்கிலத்தில் அதற்கு வெறும் வளைவு என்றுதான் பொருள். உடம்பு மடியும் இடத்துக்கும் அதைச் சொன்னார்கள், ஆறு திரும்பும் இடத்துக்கும் சொன்னார்கள். கடல் உள்வாங்கிய குடாவுக்கும் அதுவே பெயரானது. மாலுமிகள் கயிறு வளைந்து கிடக்கும் இடத்துக்கும் அதையே வைத்துக்கொண்டார்கள். எங்களுக்கு இந்தக் கடைசிப் பொருள்தான் முக்கியம். கப்பலில் கயிறு சுற்றும் வின்ச் இயந்திரம் இழுத்ததும் வளைவு இறுகும். உள்ளே நிற்பவனின் கால் போகும். "பைட்டுக்குள்ள நிக்காதேங்கோ" என்று ஆளுக்குப் பத்துத் தரம் சொல்லியிருப்பேன்.

அந்தோனி அண்ணை மன்னார்க்காரர், ஐம்பது தாண்டியவர், அங்கே வள்ளத்தில் மீன்பிடித் தொழில் செய்தவர். ஆங்கிலமும் பிரெஞ்சும் அவருக்கு ஒட்டவில்லை. வேலையில் சேர்ந்து இரண்டு மாதம். மூன்று மாதம் பிழையில்லாமல் தாண்டினால்தான் நிரந்தரம். ஒரு காலை தானியக் கப்பல் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தோம். கயிற்றை மாட்டிவிட்டு, அந்தச் சொல்லின் சரித்திரத்தை அவருக்கு விளக்கத் தொடங்கினேன். கப்பலுக்கு முதுகைக் காட்டியபடி குடாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, காலைப் பாரும்" என்றார்.

நான் பார்க்கவில்லை. அவர் இடது கையைப் பொல்லார்டில் ஊன்றி, வலது கையால் என் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தார். குப்புற விழுந்தேன். கயிறு பொல்லார்டைச் சுற்றி இறுகிய சத்தம் கேட்டது. எழுந்து பார்த்தபோது நான் நின்ற வளைவு இல்லை. அவருடைய இடது கையில் இரண்டு விரல்களும் இல்லை. அவர் கத்தவில்லை, நான்தான் கத்தினேன்.

அம்புலன்ஸ் போனதும் போர்மன் மிஷெல் விபத்துப் படிவத்தோடு வந்தார். பைட்டுக்குள் நின்றது அந்தப் புது ஆள்தானே என்று கேட்டார்.

நான் ஆம் என்று தலையாட்டினேன். ஏன் என்று இன்றைக்கும் தெரியாது. வாயால் பொய் சொல்லவில்லையே என்று மனதுக்குள் சமாதானம் வேறு. எழுதும்போதே உடம்பு கூசுகிறது.

பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்ட கையைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"விரல் போனது போகட்டும் தம்பி. பிழை என்ர எண்டு எழுதினால் வேலையும் போயிடும். நான் உள்ளுக்கு நிக்கேல்லை எண்டு சொன்னனீரோ?"

"ஓம் அண்ணை, சொன்னனான்."

"அது போதும்" என்று சாய்ந்து படுத்தார்.

டாக்சி பிடித்துத் துறைமுகத்துக்கு ஓடினேன். மிஷெல் வீட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். உள்ளே நின்றது நான் என்றேன். வகுப்பு எடுக்கிற நீயா என்று இரண்டு முறை கேட்டார். பிறகு புதுப் படிவம் எடுத்தார். என் வகுப்பு அன்றோடு போனது.

இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பிழை நடந்த இடத்திலேயே வாயைத் திறந்துவிடுங்கள். பிறகு சொல்வது அதைவிடப் பெரிய பாடு.

அந்தோனி அண்ணைக்கு வேலை நிரந்தரமானது. எட்டு விரலோடு ஓய்வுபெறும்வரை கயிறு பிடித்தார். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, தனக்காக உண்மையைப் பேசிய ஆள் என்று என்னைப் பிள்ளைகளிடம் காட்டுவார். நான் முதலில் தலையாட்டியதை இதை வாசித்துத்தான் அறியப்போகிறார்.