சம்பந்தியம்மா போட்ட கமெண்ட்

காலையில் திண்டிவனம் கடையில் வேர்க்கடலை மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது விழுப்புரத்துச் சம்பந்தியம்மாவிடமிருந்து போன்.

"உங்க பொண்ணு ஃபேஸ்புக்ல எழுதனத பாத்தீங்களாங்க?"

மூட்டையை அப்படியே போட்டுவிட்டு, போனிலேயே ஃபேஸ்புக்கைத் திறந்து பார்த்தேன்.

கணவன் வீட்டை விட்டு வெளியேறி, தானே சம்பாதித்து வாழும் பெண்ணைப் பற்றிய அந்தப் பழைய நாவலை நீங்களும் படித்திருப்பீர்கள். "இவள் முதல் அத்தியாயத்திலேயே கிளம்பியிருக்க வேண்டும்" என்று என் மகள் நேற்று எழுதிவிட்டாள். கீழே ஒருவர் "திமிர் பிடித்தவள்" என்கிறார், இன்னொருவர் "பாவம் அந்தப் புருஷன்" என்கிறார்.

அடுத்த மாதம் கல்யாணம். அவளுக்குப் பிடித்த மாப்பிள்ளை. வியாபாரம் முறிந்தால் வேறு ஆளைப் பார்ப்பேன், இது முறிந்தால்?

"சின்னப் பொண்ணுங்க, தெரியாம எழுதிடுச்சி."

"இன்னாங்க தெரியாம? காலேஜ் படிக்கறப்ப நானும் அதயேதான் சொன்னேன், ஒருத்தியும் ஒத்துக்கல. இப்பதான் நமக்குன்னு ஒரு ஆளு கெடச்சிருக்கு. எதுத்துப் பேசறவங்களுக்கெல்லாம் காலையிலேர்ந்து நான்தான் பதில் போட்டுக்கினு கீறேன். நீங்க ஒரு லைக்காவது போடுங்க!"

அப்பாடா! உடனே போட்டேன்.

மாப்பிள்ளை மட்டும் இன்னும் அந்த நாவலைப் படிக்கவில்லையாம். கல்யாணத்துக்கு முன்னால் கொடுக்கலாமா, பின்னால் கொடுக்கலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.