உனக்கு எது முக்கியம்?

நார்வேயில் டாக்டரே காத்திருப்பு அறைக்கு வந்து நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். எத்தனை வருடமானாலும் எனக்கு அது பழகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றுவிடுகிறேன். இந்தக் குளிர்காலத்தின் தொடக்கத்தில் பனியில் வழுக்கி முழங்கால் ஜவ்வு கிழிந்தபோது, அறுவை சிகிச்சை டாக்டர் இங்கிரிட் அப்படித்தான் அழைத்துப்போனார். ஜவ்வின் கிழிந்த பகுதியை வெட்டி எடுக்கலாம், அல்லது முதலில் சில மாதம் பயிற்சி செய்து பார்க்கலாம் என்று சொல்லி, இரண்டிலும் உள்ள நல்லது கெட்டதை விளக்கினார். கடைசியில், "வா ஆர் விக்தி ஃபோர் தை?" என்றார். உனக்கு எது முக்கியம்?

"நீங்கள்தானே டாக்டர்," என்றேன்.

எனக்கு மொழி புரியவில்லை என்று நினைத்து, மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார். பிறகு, யோசித்துவிட்டு அடுத்த வாரம் வரச் சொன்னார்.

எங்கள் ஊர் சுண்ணாம்புக்குளத்தில் ஒருமுறை நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, கெளுத்தி மீனின் முள் குத்தி விரல் அழுகியது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் விரலை எடுக்கச் சம்மதித்து மாமாதான் கையெழுத்துப் போட்டார். நைனாவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. மயக்கம் தெளிந்து கட்டைப் பார்த்தவர், "வெரலு எங்கடா?" என்று கேட்டார். உயிரைக் காப்பாற்றிய டாக்டரை அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆனால் மாமாவிடம் வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இங்கிரிட்டைப் பார்த்துவிட்டு வந்த அன்று மாலையே ஊரில் வீட்டுக்குப் போன் செய்தேன். அம்மா பயந்துவிட்டாள். "இன்னாடா இது? டாக்டருக்கே தெரியாம உன்னாண்ட கேக்குறாங்களா? வேற டாக்டரப் பாரு!"

நைனா போனை வாங்கினார். "நீ சும்மா இரு," என்று அம்மாவை அடக்கிவிட்டு என்னிடம் சொன்னார்: "கேக்குறாங்கல்ல, சொல்லு. அன்னிக்கு என்னாண்ட கேட்டிருந்தாலும் எடுத்துடுங்கனுதான் சொல்லியிருப்பேன். ஆனா கேட்டிருக்கலாம்."

அடுத்த வாரம் இங்கிரிட்டிடம் சொன்னேன்: ஊருக்குப் போகும்போது ஏரியில் குந்தி உட்கார்ந்து, பிடித்ததைப் போடும் பறிக்கூடையை வாயில் கவ்விக்கொண்டு, நைனாவோடு சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்க வேண்டும். பனிச்சறுக்கு என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார் போல. எப்படி உட்காருவாய் என்று கேட்டார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பாதி வரை குந்திக் காட்டினேன். நெடுநேரம் பேசினோம். முதலில் பயிற்சி, சரிவராவிட்டால் அறுவை என்று நானே முடிவு சொன்னேன். வலி இருந்தது, மனசு லேசாக இருந்தது.

இப்போது வாரந்தோறும் பயிற்சிக்கூடத்தில் நீல விரிப்பின்மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து குந்துகிறேன். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறது. என்னை அறியாமல் என் இரண்டு கைகளும் விரிப்பைத் தடவித் தடவி எதையோ தேடுகின்றன. பயிற்சி தரும் பெண் குனிந்து, "ஏதாவது கிடைத்ததா?" என்று கேட்கிறாள்.