ஒலுவில் கந்தூரியும் ஐந்தாம் வகுப்பும்

பள்ளிக்கூடங்களில் கொடுத்த மத்தியானச் சாப்பாட்டை அரசாங்கம் நிறுத்திய அடுத்த வருடம், நேர்ச்சைக்காக ஊருக்கே சோறு போடும் கந்தூரி கொடுக்க ஒலுவிலுக்குப் போனேன். காலை ஏழு மணிக்குக் கல்முனையில் பஸ் ஏறினேன். பத்துப் பதினொரு மைல். டிக்கட் அறுபது சதம். அரிசி மூட்டைகளும் இரண்டு மாடுகளும் முதல் நாளே போய்விட்டன. மூன்றாம் வகுப்போடு நின்றவன் இரண்டு புடவைக்கடை வைத்திருக்கிறேன் என்றால் சும்மாவா? அதைச் சாரதியிடமும் சொன்னேன்.

"உங்கட கந்தூரி எண்டா அடுத்த ஊர் நிந்தவூர்ப் புள்ளையளும் நடந்து வருங்கள், முதலாளி," என்றார். நெஞ்சு நிமிர்ந்தது.

ஒன்பது மணி. பள்ளிவாசல் முற்றத்தில் பெரிய சட்டிகள் கொதித்தன. சுற்றிலும் பிள்ளைகள். பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் வியர்க்க வியர்க்க ஓடி வந்தார்.

"முதலாளி, இண்டைக்கி இன்ஸ்பெக்டர் வாறார். ஐஞ்சாம் வகுப்பில தலை குறைஞ்சா வகுப்பை மூடுறாங்களாம். புள்ளையள் எல்லாம் இஞ்ச நிக்குது!"

"அவ்வளவுதானே? இன்ஸ்பெக்டர் போகுமட்டும் சோறு இல்ல. ஓடுங்க இஸ்கூலுக்கு!" என்று அதட்டினேன். பிள்ளைகள் போனார்கள். "நான் படாத பசியா, சேர்? கொஞ்ச நேரத்தில ஒண்டும் ஆகாது," என்றேன் தலைமையாசிரியரிடம்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண் தலை நிமிர்ந்தாள். "நானும் இப்பிடிக் கந்தூரிச் சோத்துக்குப் பின்னால போய்த்தான் இஸ்கூலை விட்டன், காக்கா," என்றாள், அண்ணனைக் கூப்பிடுவதுபோல. "கையெழுத்து வைக்கத் தெரியா, மாவிடிச்சுத்தான் சீவியம். என்ட மகளும் ஐஞ்சாம் வகுப்புத்தான். நேத்து ராவிலிருந்து வெறுந் தேத்தண்ணிதான், சோறில்ல."

பத்தரைக்கு இன்ஸ்பெக்டர் வந்து தலைகளை எண்ணினார். எண்ணிக்கை சரி. நான் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். அந்தப் பெண்ணின் மகளை வாசிக்கச் சொன்னார். இரண்டு வரி வாசித்தவள், மூன்றாவதில் அப்படியே வாங்குப் பலகையில் சாய்ந்துவிட்டாள். அடுத்தவனும் தடுமாறினான்.

"ஐந்தாம் வகுப்பென்று பேர்தான்," என்று இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

"எழுதாதீங்க, சேர்! பசியில இரிக்குதுகள்!" என்று கத்திவிட்டுப் பள்ளிவாசலுக்கு ஓடினேன்.

பாத்திஹா துஆ ஓதாமல் சட்டி அசையாது என்றார் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார்.

"அப்ப சுறுக்கா ஓதுங்க!"

ஓதி முடிந்ததும் முதல் சட்டி மாட்டுவண்டியில் பள்ளிக்கூடம் போனது. இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிக்கொண்டு காத்திருந்தார். சாப்பிட்டுக் கைகழுவிய அந்தப் பிள்ளை ஒரு பக்கம் முழுவதையும் நிறுத்தாமல் வாசித்தாள். வகுப்பு தப்பியது.

மூன்றரை மணி பஸ்ஸில், ஒரு வகுப்பையே காப்பாற்றிய பெருமையோடு ஏறி உட்கார்ந்தேன். வாசித்த அந்தப் பிள்ளை ஜன்னலண்டை ஓடி வந்தாள்.

"முதலாளி, நாளைக்கி எந்த ஊரில கந்தூரி?"

பஸ் புறப்பட்டது. கல்முனையில் என் பிள்ளைகள் நாளைக்கு என்ன கறி என்று கேட்பார்கள். எந்த ஊர் என்று கேட்டதில்லை.